திருக்கை முள்ளும் ஒரு வரியும்

நேற்று ஒரு கேஸ் ஷீட் என் மேசைக்கு வந்தது. பாம்பன் பக்கத்துக் கடல்தொழிலாளி, வலையை உதறும்போது திருக்கை முள் காலில் ஏறி, வெந்நீரில் காலை வைத்து வலி கொஞ்சம் அடங்கி, மூன்று நாள் வார்டில் கிடந்துவிட்டுப் போனவர். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததோ "பாதத்தில் காயம், டிரெஸ்ஸிங்", அவ்வளவுதான். திருக்கை என்ற சொல் நர்ஸ் குறிப்பில் மட்டும்தான்.

அந்த ஒரு வரியை வைத்து ஐசிடி-10 என்கிற உலக நோய் வகைப்பாட்டுப் பட்டியலின்படி குறியீடு (கோட்) போட்டால் எஸ்91.3, அதாவது ஆணி குத்தினாலும் கண்ணாடி கிழித்தாலும் வருகிற அதே காயம். மருத்துவரே திருக்கை விஷம் என்று எழுதியிருந்தால் டி63.5 (T63.5). எனக்குத் தெரியும், வார்டுக்கே தெரியும், ஆனால் என்னைப் போல் கோடிங் செய்கிறவர் ஊகித்துப் போடக்கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சர்க்கரை நோயும் இப்படித்தான். வெறும் "டிஎம்" என்று கிறுக்கினால் வகை தெரியாத இ14. டைப் 2, காலில் நரம்புப் பாதிப்பு என்று எழுதினால் இ11.4. கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் சின்னதா? காப்பீட்டுக் கேள்வி வரும்போதுதான் எல்லோரும் ஷீட்டைத் தேடுவார்கள், அது வேறு கதை.

சரி, டாக்டரிடம் போய்க் கேட்டேன். நின்றபடியே ஒரு வரி சேர்த்து, கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் போட்டுக் கொடுத்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் ஏழு ஷீட் இருக்கிறது. நாளைக்கு ஓ.பி. முடிந்து அவர் டீ குடிக்கிற நேரம் பார்த்துப் போக வேண்டும்.