ஒரு சொல்லால் போன மூன்று மாதம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பயிற்சி நடத்த அனுமதி கேட்கும் கடிதத்தின் தலைப்பில் 'போதை' என்ற சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். மூன்று மாதம் அலைந்தேன்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் பட்டணம். நான் ஓய்வுபெற்ற தாதி. இங்குள்ள கிளினிக் ஊழியர்களுக்கு வலியையும் போதைப் பழக்கத்தையும் பற்றி அரை நாள் பயிற்சி நடத்த நினைத்தேன். புற்றுநோய் முற்றிய ஒரு தோட்டத்துப் பெரியவர், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தைக் கொஞ்சம் முன்னதாகக் கேட்டார் என்பதற்காக அவருடைய அட்டையில் 'பெனாகே' என்று எழுதியிருந்தார்கள். வலி தாங்காமல் கேட்ட மனிதருக்குப் போதை அடிமை என்று பெயர்! அன்று பிடித்த கோபம்தான்.

மலாயில் கடிதம் எழுதி, சாப்பு (முத்திரை) குத்தி, ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒரு மாதம் பதிலே இல்லை. பஸ் ஏறிப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது போதைப்பொருள் தடுப்புப் பக்கம் போய்விட்டதே" என்றார். அங்கே போனால், "இது மருத்துவ விஷயம், எங்களுடையது அல்ல" என்று ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த முறை போனபோது தாதியர் கணக்கில் சேரும் பயிற்சிப் புள்ளிகளுக்கான பாரம் (படிவம்) இல்லை என்றார்கள். (அதை நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். புள்ளி கிடையாது என்றால் தாதியர் விடுப்பெடுத்து வரமாட்டார்கள்.) மூன்றாவது முறை பாரத்தோடு போனேன். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில்தான் புத்தி வந்தது. நாடி, மூச்சு, காய்ச்சல், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கிட வேண்டும் என்று சுகாதார அமைச்சே 2008இல் சொல்லிவிட்டது. தலைப்பை 'வலி: ஐந்தாவது உயிர்க்குறி' என்று மாற்றினேன். உள்ளே ஒரு வரியும் மாற்றவில்லை. ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது.

சாப்பிட நாசி லெமாக், மண்டபம் எல்லாம் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொண்டது. இருபத்தாறு பேர் வந்தார்கள்.

மார்ஃபின் என்றாலே அவர்களுக்கு 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டமும் சிறையும்தான் நினைவுக்கு வந்தன. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சைக்காக எழுதிக்கொடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கரும்பலகையில் மூன்றைப் பிரித்து எழுதினேன். உடல் மருந்துக்குப் பழகி அளவு போதாமல் போவது ஒன்று. திடீரென நிறுத்தினால் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வருவது இன்னொன்று. படிப்படியாகக் குறைத்தால் அது பெரும்பாலும் வராது. கேடு என்று தெரிந்தும் அடக்கமுடியாமல் தேடி ஓடுவதுதான் போதைப் பழக்கம். முதல் இரண்டும் யாருக்கும் வரும்.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் மருந்து எடுப்பவர் கால் முறிந்து வந்தால் என்ன செய்வது என்று ஓர் இளம் மருத்துவ உதவியாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு வேளை மெத்தடோன் ஒரு நாள் முழுக்க ஏக்கத்தை அடக்கும், ஆனால் வலியை நான்கு முதல் எட்டு மணி நேரம்தான் அடக்கும். "அதுதான் ஏற்கெனவே எடுக்கிறாரே" என்று விட்டுவிடக்கூடாது, வலிக்குத் தனியாக மருந்து வேண்டும் என்றேன்.

எல்லோரும் கலகலத்தது வலி அளவுகோலில்தான். 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னால் எங்கள் தோட்டத்துப் பாட்டிகள், "ஏதோ இருக்கிறது, மிஸ்ஸி" என்பார்கள் (தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்). குத்தலா, குடைச்சலா, கடுப்பா, எரிச்சலா என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார்கள். எரிச்சலும் மதமதப்பும் என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். இந்தச் சொற்களை மலாய்த் தாதி ஒருவர் தன் நோட்டில் ரூமி (ஆங்கில) எழுத்தில் எழுதிக்கொண்டு, 'குடைச்சல்' என்று நான்கு முறை சொல்லிப் பார்த்தார்.

போன வாரம் அவர்தான் அழைத்தார். ஒரு நோயாளிக்கு டாக்டரிடம் பேசி மார்ஃபினை நேரத்துக்குக் கொடுக்க வைத்துவிட்டாராம், வலி 8லிருந்து 3க்கு இறங்கிவிட்டதாம். ஆனால் நான்கு நாளாக மலம் போகவில்லையாம். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும் என்பதை நான் அன்று சொல்லவே மறந்திருக்கிறேன்.