பாட்டியின் படபடப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போது விளக்குப் பிடித்த கை நடுங்க, நெஞ்சைத் தடவியபடி வாசலில் நின்ற என் பாட்டியை எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்றார்கள். நானும் அதை நம்பியது இன்றும் வலிக்கிறது. அதே படபடப்பு அம்மாவுக்கும் பிறகு எனக்கும் வந்தது.

குடும்ப, இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று, திடீர்ப் பீதி நோயில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 43 விழுக்காடும், பொதுப் பதற்ற நோயில் 32 விழுக்காடும் மரபுவழிப்பட்டவை எனக் கணித்தது. எஞ்சியது பெரும்பாலும் வாழ்ந்த சூழல். பாட்டிக்கு வாய்த்ததோ கங்காணியின் அதட்டல். பதற்றத்துக்கென்று தனியொரு மரபணு கிடையாது. மிகச் சிறிய தாக்கமுள்ள ஏராளமான மரபணு வேறுபாடுகள் சேர்ந்தே ஒருவரை அதற்கு எளிதில் ஆட்படுத்துகின்றன. மரபுவழி வந்தாலும், உளவியல் சிகிச்சையும் மருந்தும் பலருக்குப் பலனளிக்கின்றன. அடுத்த வாரம் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறேன்.