முதுகிலிருந்து முகத்துக்கு

பிரேம் கடைக்கு வரும் எந்தப் படத்தையும் தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, முதலில் கவிழ்த்துத்தான் வைப்பார். வாடிக்கையாளர் ஆசை ஆசையாகக் காகிதத்தைப் பிரித்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படமோ மேசையில் குப்புறக் கிடக்கும். துணியா காகிதமா, ஆணி துருப்பிடித்திருக்கிறதா, ஈரம் ஏறிய கறை உண்டா, பென்சிலில் யாராவது எதையாவது கிறுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்து முடித்த பிறகுதான் திருப்புவார். "டுலு தெங்கோ, பெலாக்காங் சக்காப்" என்பது அவருடைய பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய். முதலில் பார், பிறகு பேசு. மலாயில் பெலாக்காங் என்றால் முதுகு, பேச்சுவழக்கில் 'பிறகு' என்றும் வரும். அதனால் ரொம்ப நாள் அவர் படத்தின் முதுகைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அந்தப் பிரேம் கடையில் சேர்ந்தபோது எனக்கு 20 வயது. ஓவியத்தின் மேல் காதல் என்றெல்லாம் ஒன்றுமில்லை. பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை, பகல் வேலை ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தேன். எனக்குத் தெரிந்த ஓவியம் காலண்டர் சாமிப் படங்கள்தான். மரச்சட்டத்தை 45 டிகிரியில் அறுப்பது, மூலையில் முடிகூட நுழையாமல் இணைப்பது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் சாய்வாக ஜன்னல் வெட்டுவது என்று கைவேலை நான்கு மாதத்தில் படிந்துவிட்டது. ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல மட்டும் என்னிடம் இரண்டே வார்த்தை இருந்தது: அழகா இருக்கு, அழகா இல்லே.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒருவர் மரச்செதுக்கு அச்சுப் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பில் மீன்பிடிப் படகுகள். சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளை ஓரம், அதன் அடியில் மங்கலான பென்சில் கீறல். அவர் கேட்ட சட்டத்துக்குப் படம் கொஞ்சம் பெரிது. ஓரம் வீணாகத்தானே கிடக்கிறது என்று இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் நாலு பக்கமும் நறுக்கிவிட்டேன். சுத்தமாக வெட்டியிருக்கிறேன் என்று பெருமை வேறு.

தவுக்கே குப்பைத்தொட்டியிலிருந்து அந்தக் காகிதக் கீற்றை எடுத்து விரித்துக் காட்டினார். அதில் 7/30 என்று இருந்தது, பக்கத்தில் கையெழுத்து. ஓவியர் தானே செதுக்கிய பலகையிலிருந்து 30 படிகள் மட்டும் எடுத்திருக்கிறார், இது அவற்றில் ஏழாவது. அந்த எண்ணும் கையெழுத்தும் இருக்கும்வரை அது ஓவியரின் கையிலிருந்து வந்த படம். நறுக்கிய பிறகு அதை நிரூபிக்க எதுவும் இல்லை. பணத்தைக் கொடுத்து வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார் தவுக்கே. என் சம்பளத்தில் ஒரு ரிங்கிட்கூடப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பதில் வேறொன்று செய்யச் சொன்னார். அளவு எடுப்பதற்கு முன்னால், வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் படத்தில் கண்டதை மூன்று வரி எழுத வேண்டும். தமிழிலேயே எழுது, எனக்கு வாசித்துக் காட்டு என்றார். முதல் நாள் "மலை, தென்னை மரம், படகு" என்று எழுதி மலாயில் வாசித்தேன். சிரித்தார். இது சாமான் லிஸ்ட். உன் கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எங்கே போய் மாட்டிக்கொண்டது, அதைச் சொல் என்றார்.

இது கேட்பதற்குத்தான் சுலபம். என் கண் எங்கே போகிறது என்று என் கண்ணையே கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் தலைவலி. அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. ஒருமுறை கடற்கரைக் காட்சி ஒன்று வந்தது. புகைப்படம் மாதிரியே இருந்ததால் பிரமாதம் என்றேன். நிழலைப் பார் என்றார். படகின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, மரத்தின் நிழல் இடப்பக்கம். வானத்தில் ஒரே சூரியன்தான். இரண்டு போட்டோக்களைப் பார்த்து ஒட்டுப்போட்டு வரைந்திருக்கிறார்கள். அதே வாரம் வந்த இன்னொரு படத்தில் மீன் கூடை தூக்கிப் போகும் ஒரு பெண். கை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. வரையத் தெரியாதவர் என்று எழுதிவிட்டேன். தவுக்கே கட்டைவிரலால் அந்தக் கையை மறைத்துக் காட்டினார். கூடையின் கனமே போய்விட்டது. விரலை எடுத்ததும் கனம் திரும்பி வந்தது. சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

நீர்வண்ணம் புரிவதற்கு மட்டும் வெகுநாள் ஆனது. டேவான் ஸ்ரீ பினாங்கில் இருக்கும் மாநில ஓவியக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். பினாங்கு ஓவியர்களில் யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிஃப் இருவரையும் பார் என்று தவுக்கே சொல்லியிருந்தார். முன் சென் கூச்சிங்கில் பிறந்து பினாங்குக்கு வந்து புகைப்பட நிலையம் நடத்தியவர். அவருடைய நீர்வண்ணங்களில் எதை எங்கே நிறுத்துவது என்பதில் போட்டோக்காரரின் கண் தெரிகிறது என்பது என் எண்ணம். நீர்வண்ணத்தில் வெள்ளை பெரும்பாலும் பூசுவதில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் வெள்ளை. எண்ணெய் வண்ணமானால் தப்பின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிடலாம், இதில் அது நடக்காது. எங்கே தூரிகையை எடுத்தார் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் அந்த வெறும் இடங்கள் கண்ணில் பட்டன. வரைந்த இடத்தைவிட அங்கேதான் அதிக நேரம் நிற்கத் தோன்றியது.

பாத்திக் ஓவியம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அதற்கு முதுகு ரொம்ப முக்கியம். துணிக்கான மெழுகு வேலையை 1950களில் ஓவியமாக்கியவர் சுவா தியான் தெங், பினாங்கில் வேலை செய்தவர். உருகிய மெழுகால் சில இடங்களை மூடிவிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். இளநிறத்தில் தொடங்கி அடர்நிறம் வரை ஒவ்வொரு சாயத்துக்கும் திரும்பத் திரும்ப இதைச் செய்ய வேண்டும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். சாயம் துணி முழுக்க ஊறுவதால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அந்த நரம்புக் கோட்டையும் சேர்த்து மேலே அச்சடித்து விற்கும் துணிகள் உண்டு. திருப்பினால் வெளிறிப்போயிருக்கும்.

இடையில் குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. கடைக்கு அதிகமாக வரும் படம் ஓடும் குதிரைகள்தான். சீனர்களுக்கு எட்டு குதிரை வேண்டும், நம் ஆட்களுக்கு வாஸ்துப்படி ஏழு. ஒரு மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிய பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் படத்தோடு வந்து, ஒன்றை மறைக்கிற மாதிரி மவுண்ட் வெட்ட முடியுமா என்று கேட்டார். கலை விமர்சனத்தில் அதுவும் ஒரு வகைதான்.

2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரேவிச் சுவரோவியங்கள் வரைந்த பிறகு, அந்தச் சுவர்களுக்கு முன்னால் எடுத்த போட்டோக்கள் கடையில் குவிந்தன. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி இரண்டு பிள்ளைகளை அதன்மேல் வரைந்திருக்கிறார். அங்கே எப்போதும் கூட்டம். எனக்குப் பிடித்தது கேனன் ஸ்ட்ரீட்டில் நாற்காலி மேல் ஏறி எட்டும் பையன். நாற்காலி நிஜம், அவன் கை எட்டுகிற திறப்பும் சுவரில் ஏற்கெனவே இருந்தது. நடுவில் பையனை மட்டும் வைத்தார். சுவர் கேட்டதை வரைந்திருக்கிறார் என்று தோன்றியது. தவுக்கேயைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதற்கு முதுகு இன்னொருத்தர் வீடு" என்றார்.

சில வருஷம் கழித்து, தவுக்கே ஊரில் இல்லாத ஒரு நாள், ஓர் ஆச்சி வந்தார். பழைய லட்சுமி படம், பழைய தேக்குச் சட்டம். புடவையிலும் நகையிலும் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருந்தது. "தம்பி, இது ரவிவர்மா அசலான்னு பாத்துச் சொல்லுங்க. பேத்தி கேக்கறா."

கவிழ்த்தேன். முதுகில் தமிழ் நேசன் நாளிதழ் ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தேன். இப்போதைய அச்சென்றால் நான்கு நிறப் புள்ளிகள் வரிசையாகப் பூப்போல நிற்கும். இதில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் இருந்தன. ஆக, கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்செடுத்தது. ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கியது. பிறகு ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அந்தப் படங்களைப் பார்த்து மற்ற அச்சகங்களும் ஏராளமாகப் போட்டன. எது எங்கே அச்சானது என்று படத்தின் அடியில், ஓரத்தில்தான் போட்டிருப்பார்கள்.

ஓரம் இல்லை. எப்போதோ யாரோ ஒரு பிரேம்காரர் சட்டத்துக்கு அடங்கவில்லை என்று அளவுகோல் வைத்து நேராக நறுக்கியிருந்தார்.

"பழைய கல்லச்சுதான் ஆச்சி, அது நிச்சயம். யாரு போட்டதுன்னு இனிமே சொல்ல முடியாது" என்றேன். ஆச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஜரிகை அவருடைய மாமியார் காரைக்குடியில் உட்கார்ந்து தைத்ததாம். ரஜூலா கப்பலில் மாமனாருக்கு அனுப்பி, அது வெகுகாலம் பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கியில் தொங்கியதாம். மறுபடி கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கழுத்தருகே தையல் நெருக்கமாக, சீராக இருந்தது. பாதத்துக்கு வர வர நீளநீளமாக ஓடியிருந்தது. கடைசியில் ஒரு சமிக்கி மட்டும் வேறு நிறம். இருந்தது தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

கண்ணாடி ஜரிகையில் படாமல் உள்ளே கட்டை வைத்து இடைவெளி விட்டேன். பழைய சட்டத்தையே துடைத்துப் போட்டேன். செய்தித்தாளில் இருக்கும் அமிலம் படத்தைப் பழுப்பாக்கிவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது என்றேன். "ஒட்ட வேணாம், எங்கிட்ட குடுங்க" என்று ஆச்சி அதை வாங்கி, மடிப்பு கிழியாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சீட்டின் பின்பக்கத்தில் அன்று நான் எழுதியது மூன்று வரிக்குள் அடங்கவில்லை.