ஒருமனதாக என்று எழுதியது நான்தான்

அணு ஆயுதத்துக்கு எதிராக நான் நடத்திய ஏற்காட்டுக் கூட்டம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்த அறிக்கையின் கடைசிப் பத்தியை இன்னும் எடுத்துப் படிக்கிறேன். "கலந்துகொண்ட அனைவரும் ஒருமனதாக" என்று எழுதியிருக்கிறேன்.

ஒருமனதாக இல்லை.

காலை அமர்வு நன்றாகவே போனது. ஹிரோஷிமா நாள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு 2017இல் 122 நாடுகள் வாக்களித்ததையும், குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட, இந்தியா உட்பட, அங்கே போகாததையும் சொன்னேன். ராஜாஜியையும் சொன்னேன். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 83 வயதில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் பேசினார். நம்மூர்க்காரர் என்றதும் கைதட்டல்.

மதியம் லேத் பட்டறை அண்ணன் பேசினார். எல்லாத் தரப்பும் வேண்டும் என்று மூன்று முறை போன் செய்து நானே வரவழைத்தவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கன்மெட்டல் புஷ்ஷை, தண்டு சுழல்வதற்கான சின்ன உலோக வளையத்தை, எடுத்து மேசையில் வைத்தார். கட்டைவிரல் நுழையும் அளவு, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது.

"இது மோட்டார் பம்புக்குப் போறதும்மா. நாளைக்கு வேற ஒண்ணுக்கு ட்ராயிங் வரும். அதுல அளவுதான் இருக்கும், எதுக்குன்னு இருக்காது. வர்ற ஆர்டரை வேண்டாம்னு சொல்லட்டுமா? பட்டறையில நாலு பசங்க இருக்கானுங்க."

ராணுவத் தளவாடங்கள் செய்வதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2018இல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் உள்ள ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. அது எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் நான் சேர்க்கவில்லை.

"இன்னிக்கு அணு ஆயுதம் மட்டும்தாண்ணா. இதை இன்னொரு நாள் தனியா பேசலாம்" என்றேன்.

"சரிம்மா." புஷ்ஷை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் வாயே திறக்கவில்லை.

நேரம் இல்லை என்பது பொய்யில்லை. இருட்டுவதற்குள் வேன் மலையிறங்க வேண்டும். ஆனால் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர், குண்டு இருப்பதால்தான் எல்லை அமைதியாக இருக்கிறது என்று இருபது நிமிடம் வாதாடியபோது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அண்ணனுக்கு இல்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ராஜாஜி போய்வந்த மறு வருடம், 1963இல், அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானபோதுகூட நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். கிடைத்த மட்டும் லாபம் என்று பார்த்திருப்பார்கள். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் விட்டுவைத்த அந்த வழியில்தான் சோதனைகள் தொடர்ந்தன. 1974இல் பொக்ரானில் நாமும் மண்ணுக்கு அடியில்தான் வெடித்தோம்.

அறிக்கையிலாவது அவர் கேள்வியை அப்படியே போட்டிருக்கலாம். ஒரு வரிதான். போட்டால் ஒருமனதாக என்று எழுத முடியாது. அந்தச் சொல் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

போன வாரம் பட்டறைக்குப் போனேன். டீ வாங்கி வரச் சொன்னார், பிள்ளைகளை விசாரித்தார். ஏற்காட்டுப் பேச்சை எடுக்கவில்லை. லேத்துக்கு மேலே ஆணியில் புது ட்ராயிங் ஒன்று தொங்கியது. எதுக்குண்ணா என்று கேட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.