தீவுக்காரங்க

மண்டபத்துல நின்னு பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கைகாட்டி, ‘தீவுக்காரங்க’ன்னு சாதாரணமா சொல்லிடுவோம். மாலத்தீவு மக்கள் தங்களையே அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. அவங்க சொல் ‘திவேஹி’, தீவில் வாழ்பவர். மொழிக்கும் அதே பேர். நாடு ‘திவேஹி ராஜ்ஜே’, அதாவது தீவுக்காரங்க ராஜ்ஜியம்! வடமொழி ‘த்வீப’ அங்கே ‘திவேஹி’யாச்சு, இங்கே ‘தீவு’ன்னு தேய்ஞ்சது. 1340களில் அங்கே காஜியா (இஸ்லாமிய நீதிபதியா) இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா ‘தீபத்துல் மஹல்’னு எழுதினதிலும் அதே ‘தீப’ எட்டிப் பார்க்குது.

அப்புறம் நம்ம கீழக்கரைக் கடைகள்ல விறகுத்துண்டு மாதிரி கிடக்குமே மாசி, சூரை மீனை அவிச்சு, புகைபோட்டு, வெயில்ல காயவச்சது. அந்தப் பேரிலும் மாலத்தீவு வாடைதான்: திவேஹியில மீனுக்கு ‘மஸ்’. சம்பலுக்கு இடிக்கிறப்போ பல்லுக்குப் பயந்து நல்லாவே இடிங்க, சொல்லிட்டேன்.