பண்பறி பகுப்பு: சோடி சோடியாகப் படியுங்கள்

உயர்தரத்துக்கு இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் சரி, முல்லைத்தீவிலும் சரி, பண்பறி பகுப்பைப் பற்றி, அதாவது ஒரு பொருளில் எந்த அயன்கள் இருக்கின்றன என்று சோதித்துக் கண்டுபிடிப்பதைப் பற்றி, என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, இவ்வளவு நிறத்தையும் எப்படிப் பாடமாக்கிறது?" ஆய்வுகூடத்தில் எல்லாச் சோதனையையும் கையால் செய்துபார்க்க எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதனால் அட்டவணையை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள், பரீட்சைக்கு முதல்நாள் எல்லாம் கலந்துவிடுகிறது.

நான் சொல்வது இதுதான்: எந்த அயனையும் தனியாகப் படிக்காதீர்கள். அது எதோடு குழம்புமோ, அதோடு சேர்த்துப் படியுங்கள். வினா வருவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நாகத்தையும் (துத்தநாகம்) அலுமினியத்தையும் எடுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்தால் இரண்டுமே வெண்ணிற வீழ்படிவு (கரையாமல் படியும் திண்மம்) தரும், மிகையாகச் சேர்த்தால் இரண்டுமே கரையும். அமோனியாக் கரைசலை மிகையாகச் சேர்த்தால்தான் பிரிவார்கள். நாகம் அமோனியாவோடு இணைந்து சிக்கல் அயனாகிக் கரைந்துவிடும், அலுமினியம் ஐதரொட்சைட்டு அப்படியே இருக்கும். ஈயமும் சோடியம் ஐதரொட்சைட்டில் இவர்களைப் போலவே நடக்கும். ஆனால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தோடு வெண்ணிற வீழ்படிவு தருவது இந்த மூன்றில் ஈயம் மட்டும்தான். அந்த வீழ்படிவு சுடுநீரில் கரைந்து, ஆறும்போது ஊசி ஊசியாகப் பளிங்காகும்.

வாயுக்களிலும் இதே கதைதான். காபனீரொட்சைட்டும் சல்பர் ஈரொட்சைட்டும் சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். ஆகவே வாயுவை முதலில் அமிலமாக்கிய பொற்றாசியம் இருகுரோமேற்றினூடாகச் செலுத்துங்கள். செம்மஞ்சள் பச்சையாக மாறினால் சல்பர் ஈரொட்சைட்டைச் சந்தேகிக்கலாம். உறுதி என்று சொல்ல முடியாது, ஐதரசன் சல்பைட்டும் அதையே செய்யும். ஈய அசற்றேற்றில் நனைத்த தாள் கறுத்தால் அது ஐதரசன் சல்பைட்டு. அப்புறம், ஐதான அமிலம் சேர்த்ததும் சல்பர் ஈரொட்சைட்டு வந்தால் சல்பைற்று என்று உடனே எழுதிவிடாதீர்கள். கரைசல் இளமஞ்சளாகக் கலங்குகிறதா என்று பாருங்கள். கலங்கினால் சல்பர் படிகிறது, அது தயோசல்பேற்று.

எனக்கு மிகவும் பிடித்த சோடி அமோனியமும் நைத்திரேற்றும். சோடியம் ஐதரொட்சைட்டுடன் சூடாக்கும்போது வரும் வாயு ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கினால் அமோனியம் உண்டு. வாயு முற்றாக நிற்கும்வரை கொதிக்கவிட்டு, பிறகு அலுமினியத் தூள் சேர்த்துச் சூடாக்குங்கள். மறுபடியும் அமோனியா வந்தால் அது நைத்திரேற்றோ நைத்திரைற்றோ தாழ்த்தப்பட்டு வந்தது. "வாயு முற்றாக வெளியேறும்வரை" என்ற சொற்றொடரை வினாவில் கண்டால் அதன் கீழ் கோடிடுங்கள். அதை விட்டுவிட்டால் இரண்டாவது அமோனியா எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

கூட்டப் பகுப்பில், அதாவது கலவையிலுள்ள உலோக அயன்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்படிவாக்கிப் பிரிக்கும்போது, ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று கேளுங்கள். ஐதரசன் சல்பைட்டால் விழும் இரண்டாம் கூட்டத்தை வடித்தபின் வடிதிரவத்தைக் கொதிக்கவைப்பது ஏன்? ஐதரசன் சல்பைட்டு மிஞ்சியிருந்தால், மூன்றாம் கூட்டத்துக்காக அமோனியா சேர்த்ததும் நான்காம் கூட்டத்துச் சல்பைட்டுகளும் சேர்ந்து விழுந்துவிடும். அடுத்துச் செறிந்த நைத்திரிக் அமிலம் சேர்ப்பது ஏன்? ஐதரசன் சல்பைட்டு இரும்பின் பெரிக்கு அயனைப் (Fe³⁺) பெரசாகத் (Fe²⁺) தாழ்த்தியிருக்கும், அதைத் திரும்பப் பெரிக்காக்க வேண்டும். அமோனியம் குளோரைட்டு ஐதரொட்சைட்டு அயன் செறிவைக் குறைப்பதற்கு. இல்லாவிட்டால் மகனீசியமும் அங்கேயே விழும். கரைதிறன் பெருக்கம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை.

வீட்டிலும் கொஞ்சம் பார்க்கலாம். எங்கள் பக்கம் பல கிணறுகளில் வன்னீர். கேத்தலுக்குள் படிந்த வெள்ளைப் படையில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைக்கும், அது காபனேற்று. ஆனையிறவு உப்பில் ஒரு சிட்டிகையை எரிவாயு அடுப்பின் நீலச் சுவாலையில் தூவினால் சோடியத்தின் மஞ்சள் தெரியும். அந்த மஞ்சள்தான் பொற்றாசியத்தின் ஊதாவை மறைக்கிறது, அதனால்தான் கோபாற்று நீலக் கண்ணாடியினூடாகப் பார்க்கிறோம். ஆனால் கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரீன் வரும், உயிருக்கு ஆபத்து.

விடை எழுதும்போது "வாயு வந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. நிறம், மணம், எந்தச் சோதனைப்பொருளில் என்ன மாற்றம் என்று எழுதுங்கள். "தெளிவானது" வேறு, "நிறமற்றது" வேறு: செப்புச் சல்பேற்றுக் கரைசல் தெளிவானது, ஆனால் நீலம். "அமோனியாவில் கரைந்தது" என்றால் ஐதானதா, செறிந்ததா? வெள்ளிக் குளோரைட்டு ஐதானதில் கரையும், புரோமைட்டுக்குச் செறிந்தது வேண்டும், அயடைட்டு இரண்டிலும் கரையாது. வெள்ளி நைத்திரேற்றுச் சோதனைக்கு நைத்திரிக் அமிலத்தால்தான் அமிலமாக்க வேண்டும். ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் குளோரைட்டை நீங்களே சேர்த்துவிடுகிறீர்கள்.