அமத்தாதை, தம்பி

எங்கள் தமிழ் மாஸ்டரின் நஷனல் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்புப் பேனை இருக்கும். அதன் உடலில் சின்னதாக ஒரு பறவை பொறித்திருந்தது. அன்னம் என்று அவர் சொன்னார். நாங்கள் வாத்து என்றோம். அந்தப் பேனையால் தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று எழுதித் தருவார். திட்டுத்தான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இறங்கும் கோடு தடித்து, வளையும் இடத்தில் மெலிந்து, புள்ளி மட்டும் கறுத்துப் பளபளக்கும்.

1972இல் நான் எட்டாம் வகுப்பு மொனிட்டர். வகுப்பின் வரவு இடாப்பை அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஒருநாள் இடாப்புக்குள் அந்தப் பேனையும் அகப்பட்டுக் கிடந்தது. விறாந்தைத் தூணுக்குப் பின்னால் நின்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் சீனத்து ஹீரோ பேனைகள். நிப் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு அமத்தினாலும் ஒரே தடிப்புத்தான். அந்தக் கைப்பழக்கத்தில் இதையும் அமத்தினேன். நிப்பின் பிளந்த முனை இரண்டு காலாக விரிந்தது. மூன்று சுழி 'ண'வின் சுழிகள் மூன்றும் ஒரே குளமாகிப் போயின. விரிந்த கால்கள் திரும்பவும் ஒட்டிக்கொண்டது என்னுடைய நல்ல காலம்.

என் விரல் நீலத்தை மாஸ்டர் உடனே கண்டுவிட்டார். பிரம்பு வரும் என்று நின்றேன். பேனை வந்தது. "'ப' எழுது" என்றார். பக்கத்திலேயே நின்றார்.

"அமத்தாதை, தம்பி. அது தன்ரை பாட்டில போகும்."

இறங்கும்போது மட்டும் விரலின் பாரம் கொஞ்சம், அடிக்கோட்டில் பாரத்தை எடு, ஏறும்போது தாளைத் தொட்டும் தொடாமலும் போ. ஏறும் கோட்டில் அமத்தினால் முனை தாளில் குத்தி மை தெறிக்கும். 'ப'வுக்கும் 'ட'வுக்கும் இந்த நிப் வாய்த்தது போல வேறெதற்கும் வாய்க்காது. 'ஞ' அன்றும் வரவில்லை, இன்றும் எனக்கு ஒழுங்காக வருவதில்லை.

பிறகு லண்டன், வேலை, குமிழ்முனைப் பேனை. முப்பது வருடம் அப்படியே போயிற்று. ஓய்வு பெற்ற பின் ஒரு பழம்பேனைச் சந்தையில் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது அந்த வாத்து என்னைப் பார்த்தது. 'ஸ்வான்'! மேபி டொட் கொம்பனியின் தயாரிப்பு. அவர்களுடைய தொழிற்சாலை ஹார்ல்ஸ்டனில் இருந்ததாம். நான் இருப்பது வெம்பிளியில்; பேக்கர்லூ ரயிலில் ஏறினால் இரண்டாவது தரிப்பு. யாழ்ப்பாணத்தில் நான் களவாகத் தொட்ட பேனை என் வீட்டுப் பக்கத்து ஊர்க்காரன் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கொம்பனியே குமிழ்முனைக்காரரோடு சேர்ந்து 'பைரோ ஸ்வான்' ஆகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் கொஞ்சம். பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒரே மாதிரியான இரண்டு ஸ்வானில் ஒன்று ஆணி போல விறைப்பாக இருக்கும், மற்றது வளையும். நிப்பைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெல்ல அழுத்துங்கள்; கால்கள் விரிந்து, விட்டவுடன் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். நடுத்துளையிலும் பிளவின் ஓரத்திலும் வெடிப்பு உண்டா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை பழையதென்றால் காய்ந்து நொறுங்கியிருக்கும். அது பெரிய குறையல்ல, புதுப்பையை அரக்கால் ஒட்டித் தருவார்கள். நிப் 14 கரட் தங்கமாக இருப்பது அழகுக்கு மட்டுமல்ல, மை அதை அரிக்காது.

புதுப்பேனைதான் வேண்டும் என்றால் பைலட்டின் ஃபால்கன் மெத்தென்று இருக்கும். ஸ்வான் அளவுக்கு விரியாது, ஆனால் தினப்பாட்டுக்கு அது போதும் என்பது என் கட்சி. மலிவாகக் கிடைத்த ஓர் உருக்கு நிப்பையும் வாங்கிப் பார்த்தேன். அதை விரிக்க மண்வெட்டி பிடிக்கிற பலம் வேண்டியிருந்தது. விரிந்தாலும் மை பின்னால் வந்து சேராமல் நடுவே வெள்ளையும் இரு கரையிலும் கோடுமாகத் தண்டவாளம் போட்டது.

அப்புறம், இதை வைத்து எல்லாம் எழுத முடியாது. கார்பன் பிரதி எடுக்க அமத்த வேண்டும், அந்தப் பத்திரங்களுக்குக் குமிழ்முனைதான். மலிவுத் தாளில் மை வேர்விட்டுப் பரவும். தடித்த கோடு காய நேரம் பிடிக்கும், சட்டென்று பக்கத்தைப் புரட்டக்கூடாது. மற்றபடி, அமத்தாமல் எழுதினால் இது மெல்லிய கோடு போடும் சாதாரணப் பேனைதான். கடைக்குப் போகும் பட்டியல், பிறந்தநாள் அட்டை, நமது சங்கத்தின் கூட்டறிக்கை எல்லாம் இதில்தான். நீலக் குயிங்க் மை. தலைப்புக்கும் கையெழுத்துக்கும் மட்டும் கொஞ்சம் பாரம் கொடுப்பேன். கூட்டறிக்கை நீளமாகிவிட்டது என்று பொருளாளர் குறைப்பட்டார். அதில் உண்மை உண்டு.

அடுத்த ஒன்றுகூடலுக்குப் பேனையைக் கொண்டுவருகிறேன். விரும்பியவர்கள் எழுதிப் பார்க்கலாம். நான் பக்கத்திலேயே நிற்பேன்.